பதினேழு வயதுப் பையனுக்கு ‘டெக்கா’ ஊசி: கோச் போடச் சொல்கிறார், என்ன செய்ய?

கேள்வி: டாக்டர் ஐயா, என் மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். வயது 17. 400 மீட்டர் ஓடுவான். போன வருஷம் மாவட்டத்தில் முதலிடம். ஸ்டேட் மீட்டில் ஃபைனல் வரை போய் ஆறாவதாக வந்தான். டைமிங் 50 விநாடியிலேயே நின்றுபோய்விட்டது. தனியாகப் பயிற்சி கொடுக்கும் கோச், “இனிமே சாப்பாட்டால மட்டும் ஆகாது” என்று, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு ஊசி போட்டிருக்கிறார். பையன் அவன் அம்மாவிடம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. போய்க் கேட்டால், “டெக்கா ஊசிதாங்க, எலும்புத் தேய்மானத்துக்கு வயசான அம்மாக்களுக்கே போடுறது. ஃபைனல் ஓடுற எல்லாரும் போட்டுட்டுத்தான் ஓடுறாங்க” என்கிறார். நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை கிடைத்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும். அதனால் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஊட்டியில் போய்த் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள், இருபதாயிரம் ரூபாய்க்கு ஷூ போடுகிறார்கள். அதெல்லாம் நியாயம், என் பையன் போடும் ஊசி மட்டும் அநியாயமா? அடுத்த மாதம் மீட் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், கரூர் மாவட்டம்)

பதில்: வணக்கம். மூன்றாவது ஊசி வேண்டாம். நீங்கள் அவசரத்தில் கேட்டது அதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் கூடவே ஒரு நியாய அநியாயக் கேள்வி கேட்டிருக்கிறீர்களே, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. விளையாட்டு மருத்துவம் படித்தவர்களே இன்றைக்கும் ஒத்துப்போகாத கேள்வி அது.

ஊசியைப் பற்றி முதலில். டெக்கா என்பது நாண்ட்ரலோன் என்ற அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது ஆண் ஹார்மோனைப் போல வேலை செய்து சதையை வளர்க்கும் மருந்து. எண்ணெயில் கலந்த மருந்து. இடுப்புச் சதையில் போட்டால் அங்கேயே தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். கோச் சொன்னதில் பாதி உண்மை. எலும்பு தேய்ந்த வயதான பெண்களுக்கும், சிறுநீரகம் கெட்டு ரத்தசோகை வந்தவர்களுக்கும் இதைப் போடுவதுண்டு. மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. எழுபது வயதுப் பாட்டிக்கு எலும்பு வளர்ந்து முடிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. உங்கள் பையனுக்கு முழங்காலிலும் மணிக்கட்டிலும் எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாமல் இருக்கலாம். ஸ்டீராய்டு அதைச் சீக்கிரமே மூட வைக்கும். மூடினால் உயரம் அவ்வளவுதான். வெளியிலிருந்து ஹார்மோன் வருவதைக் கண்டதும் பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திக்கொள்ளும். சொந்தச் சுரப்பு படுத்துவிடும். நல்ல கொழுப்பு குறையும். சதை வேகமாக ஏறும், ஆனால் அதை எலும்போடு பிடித்துவைக்கும் தசைநாண் அந்த வேகத்தில் ஏறாது, அதனால் அறுந்துபோகும் ஆபத்தும் கூடும்.

இப்படிப் போட்டுக்கொண்டு சில வருஷம் கபடி ஆடிய இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னேன். கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பித்தானில் கை வைத்தார். மார்பு இரண்டு பக்கமும் பெண்களுக்குப் போல வளர்ந்திருந்தது. வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம். விந்தணு எண்ணிக்கை அடிமட்டத்தில் கிடந்தது. ஊசியை விட்ட பிறகு அது மெல்ல ஏறியது, மார்பு மட்டும் சுருங்கவில்லை, அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. செலவு அவர் வீட்டுக்கு. ஊசி போட்டுவிட்டவர் இன்னமும் மைதானத்தில்தான் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு ஊசியோடு நின்றால், பெரும்பாலும் உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

இனி ஊட்டிக்கும் ஊசிக்கும் வருவோம். “மருந்து போட்டால் போட்டி சமமாக இருக்காது, அதனால் தப்பு” என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். உங்களுக்கு அது எடுபடாது, எனக்கும் எடுபடவில்லை. போட்டி என்றைக்குச் சமமாக இருந்தது? ஃபின்லாந்தில் ஈரோ மான்டிரன்டா என்று ஒரு பனிச்சறுக்கு வீரர் இருந்தார். 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் பொதுவாக 13லிருந்து 17 வரை இருக்கும். இவருக்கு 20க்கு மேல். ரத்தம் ஏற்றியிருப்பார் என்று சந்தேகப்பட்டார்கள். பிற்பாடு குடும்பத்தையே பரிசோதித்தபோது, சிவப்பணு உற்பத்தியைக் கூட்டிவிடும் ஒரு மரபணு மாற்றம் பரம்பரையாக ஓடுவது தெரிந்தது. பிறவியிலேயே கூடுதலாகக் கிடைத்தவர் தங்கம் வாங்கலாம், கிடைக்காதவர் அதே அளவை மருந்தால் எட்டக்கூடாதா என்று கேட்டால், சமத்துவம் பேசுகிறவர்களிடம் நல்ல பதில் கிடையாது. ‘இயற்கை, செயற்கை’ என்று பிரிப்பதும் வெகுதூரம் போகாது. காபியில் இருக்கும் கஃபைன் தடைப் பட்டியலில்தான் இருந்தது, 2004ல் எடுத்துவிட்டார்கள். டிராமடால் என்ற வலிமாத்திரை 2024 வரை போட்டியின்போது அனுமதிக்கப்பட்டது, இப்போது இல்லை. வாடா என்று சொல்லப்படும் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை வைத்திருக்கும் அளவுகோல் மூன்று: திறனைக் கூட்டுமா, உடம்புக்குக் கெடுதலா, விளையாட்டின் உணர்வுக்கு விரோதமா. மூன்றில் இரண்டு பொருந்தினால் பட்டியலில் சேர்க்கலாம். அந்த மூன்றாவது அளவுகோலை யார் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம் என்று குறை சொல்கிறவர்கள் சொல்வது சரிதான் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு எதை வைத்து நான் ஊசி கூடாது என்கிறேன்? எட்டு லேனை நினைத்துப் பாருங்கள். உங்கள் பையன் ஊசி போட்டு ஒரு விநாடி குறைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஆறாவதாக வந்தவன் இப்போது மூன்றாவது. கீழே தள்ளப்பட்ட பிள்ளைகளின் கோச்சுகளும் சும்மா இருக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் எட்டுப் பேரும் போட்டிருப்பார்கள். வரிசை பழையபடி ஆகிவிடும், உங்கள் பையன் மறுபடி ஆறாவது. கெட்டுப்போனது எட்டு உடம்பு. அதற்கு அடுத்த வருஷம் ஓட வருகிற பதினைந்து வயதுப் பையனுக்குப் போடலாமா வேண்டாமா என்ற கேள்வியே இருக்காது. போடாவிட்டால் ஓட முடியாது என்று ஆகியிருக்கும். ஒருவர் இஷ்டப்பட்டுச் செய்வது மற்ற ஏழு பேருக்குக் கட்டாயமாகிவிடுகிறது. ஊசி தப்பு என்று நான் சொல்வதற்கு இந்தக் கட்டாயம்தான் காரணம். ஏமாற்று வேலை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஊட்டிக்கும் அதே கட்டாயம் பொருந்தாதா என்று கேட்பீர்கள். ஓரளவு பொருந்தும். ஆனால் ஊட்டியில் உடம்பின் பிரேக் வேலை செய்கிறது. 2,200 மீட்டர் உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்க, சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், சிவப்பணு கூடும், போதும் என்ற அளவு வந்ததும் தானாகவே அடங்கிவிடும். அதே எரித்ரோபொய்ட்டினை ஊசியில் ஏற்றினால் போதும் என்று சொல்ல உள்ளே ஆள் கிடையாது. 1990களில் சைக்கிள் வீரர்கள் ரத்தம் குழம்பாகிப்போகும் அளவுக்கு ஏற்றிக்கொண்டார்கள். அப்போது அந்த ஊசியைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையே இல்லை. வேறு வழி தெரியாமல், ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டக்கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 1997ல் ஒரு வரம்பு போட்டது. உடனே எல்லோரும் 49க்குக் குறிவைத்து ஏற்றினார்கள். மனிதப் புத்தி அப்படி.

ஷூ விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், அது அநியாயம்தான். அந்த அநியாயத்தை ஷூவாலேயே தீர்க்கலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் இருக்கின்றன. வசதியில்லாத வீரர்களுக்கு உதவ 2023ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் போய் விண்ணப்பம் கேளுங்கள். ஏழைப் பிள்ளைக்கு ஷூ வாங்கித் தராத ஊர், அவன் உடம்பை வைத்து அந்தக் கணக்கை நேர்செய்யச் சொல்வதை நான் நியாயம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

“வயசு வந்தவங்க, தெரிஞ்சே போட்டுக்கிறாங்க, உங்களுக்கு என்ன?” என்று கேட்கிறவர்களும் உண்டு. மருந்தை வெளிப்படையாக அனுமதிக்கும் ‘என்ஹான்ஸ்டு கேம்ஸ்’ என்ற போட்டியை 2023ல் அறிவித்தவர்கள் சொல்வதும் இதுதான்: டாக்டர் கண்காணிப்பில், கோடிக்கணக்கான பரிசுப் பணத்தோடு, எல்லாம் திறந்த வெளியில். முப்பது வயதுக்காரர் தெரிந்தே தன் உடம்பைப் பணயம் வைப்பதைத் தடுக்க எனக்கு என்ன உரிமை என்று நானும் யோசித்ததுண்டு. ஆனால் அந்த மருந்து அந்த முப்பது வயதுக்காரரோடு நிற்பதில்லையே. கரூரில் ஒரு மைதானத்து ஓரத்தில், டாக்டரும் கண்காணிப்பும் இல்லாமல், பதினேழு வயதுப் பையனின் இடுப்பில் வந்து ஏறுகிறது. அவனிடம் யாரும் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை.

யாரையும் கேட்காமல் போடுவதை ஒரு நாடே திட்டம் போட்டுச் செய்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் அரசாங்கமே பிள்ளைகளுக்கு ஓரல் டூரினபோல் என்ற நீல நிற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்தது. வைட்டமின் என்று சொல்லித்தான் பலருக்குக் கொடுத்தார்கள். ஹைடி க்ரீகர் என்ற பெண்ணுக்குப் பதின்வயதிலேயே ஆரம்பித்தார்கள். 1986ல் குண்டெறிதலில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். உடம்பு ஆண் உடம்பு மாதிரி மாறிப்போயிருந்தது. பின்னாளில் பாலின மாற்று சிகிச்சை செய்துகொண்டு ஆந்த்ரேயாஸ் க்ரீகராக வாழ்கிறார். ஆணாக வாழ்வதில் அவருக்கு வருத்தம் இல்லை. தான் யார் என்பதைத் தானே கண்டுகொள்ளும் வாய்ப்பை அந்த மாத்திரைகள் பறித்துவிட்டன என்பதுதான் அவர் குறை. 2000ல் பெர்லின் நீதிமன்றத்தில் அந்தத் திட்டத்தின் பெரிய தலைகள் மீது வழக்கு நடந்தது. தீர்ப்பில் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகவில்லை.

உங்கள் கோச் “எல்லாரும் போடுறாங்க” என்கிறார். எல்லாரும் என்பது பொய். நிறையப் பேர் என்பது, வெட்கத்தோடு சொல்கிறேன், உண்மை. 2024ல் இந்தியாவில் பரிசோதித்த 7,113 மாதிரிகளில் 260ல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. இந்த அளவுக்குப் பரிசோதிக்கும் நாடுகளில் நாம்தான் முன்வரிசை. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் நடந்ததை நீங்கள் படித்திருக்கலாம். நாடா என்று சொல்லப்படும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் அதிகாரிகள் பரிசோதிக்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வீரர்கள் கூட்டம் கூட்டமாக மைதானத்தை விட்டு ஓடினார்கள். கழிப்பறையில் சிரிஞ்சுகள் கிடந்தன. ஸ்டீபிள்சேஸ் என்ற தடை தாண்டும் ஓட்டத்தில் ஓடிய ஒரு பெண் இறுதிக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓட, அதிகாரி பின்னால் துரத்திக்கொண்டு ஓடினார் என்று செய்தி வந்தது. ஆண்கள் 100 மீட்டர் ஃபைனலில் மிஞ்சியது ஒரே ஒரு பையன். தனியாக ஓடினான். ஜெயித்ததாகத்தான் சீட்டில் எழுதியிருப்பார்கள். யாரை ஜெயித்தான்?

மாட்டினால் மாட்டுவது யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2011ல் இந்தியாவின் தொடர் ஓட்டப் பெண்கள் பலர் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். அவர்களில் சிலர் அதற்கு முந்தைய வருஷம்தான் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியிருந்தார்கள். வெளிநாட்டுக் கோச் சீனாவிலிருந்து வாங்கிவந்து கொடுத்த ஜின்செங் மாத்திரையில்தான் கலந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். இங்கே ஒரு வருஷத் தடை போட்டார்கள். விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அதை இரண்டு வருஷமாக்கியது. உடம்புக்குள் என்ன போனாலும் அதற்கு வீரர்தான் பொறுப்பு, கோச் கொடுத்தார் என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது என்பதுதான் விதி. திருச்சி கோமதி மாரிமுத்துவை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 தோஹா ஆசியத் தடகளத்தில் 800 மீட்டர் தங்கம். ஊரே கொண்டாடியது. பிறகு சோதனையில் வந்தது இதே நாண்ட்ரலோன். தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார். பதக்கம் போனது, நான்கு வருஷத் தடை. வறுமையிலிருந்து ஓடி வந்த பெண்ணின் மிச்ச ஓட்டத்தை அந்த நான்கு வருஷம் தின்றுவிட்டது.

ஆனால் உங்கள் பையன் விஷயத்தில் ஒரு விதி அவன் பக்கம் இருக்கிறது. அதை அந்த கோச் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பதினெட்டு வயது ஆகாத, சர்வதேசப் போட்டிக்குப் போகாத பிள்ளைகளை வாடா விதிகள் ‘பாதுகாக்கப்பட்டவர்’ என்று தனியாகப் பிரிக்கின்றன. அவர்கள் தப்பு பெரிதாக இல்லை என்று தெரிந்தால் எச்சரிக்கையோடுகூட விடலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அனபாலிக் ஸ்டீராய்டு கொடுத்த கோச்சுக்கோ டாக்டருக்கோ ஆயுள் தடை. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பாட்டிக்குப் போடுகிற சாதாரண ஊசிதானே, எழுதித் தருவதில் என்ன கஷ்டம்?

அடுத்த மாத மீட்டுக்கு அனுப்பாதீர்கள். கசக்கும் என்று தெரியும், கோட்டா வேலைக்கு இந்த வருஷச் சர்ட்டிபிகேட் எவ்வளவு முக்கியம் என்பதும் தெரியும். ஆனால் நாண்ட்ரலோனின் தடம் சிறுநீரில் மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேலே இருக்கும். மாட்டினால் சர்ட்டிபிகேட்டும் போகும், அதை வைத்து வாங்கிய வேலையும் கேள்விக்குள்ளாகும். மாட்டாமல் தப்பினாலும், சுத்தமாக ஓடிய எவனோ ஒருவனின் இடத்தில்தான் உங்கள் பையன் நிற்பான்.

அவன் அம்மாவிடம் தானாகப் போய்ச் சொன்னானே, அதற்காக அவனை ஒரு வார்த்தை பாராட்டியிருக்கிறீர்களா? பாராட்டுங்கள். கோச்சை மாற்றுங்கள். அவரிடம் பயிற்சி எடுக்கும் மற்ற பிள்ளைகளின் வீட்டாரிடமும் பேசுங்கள், அவர்களுக்கும் சொல்லாமல்தான் போட்டிருப்பார். நாடாவிடம் தகவல் கொடுப்பது உங்கள் முடிவு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொடுப்பேன். சோதனைக்குக் கூப்பிடும் முன்பே தானாக ஒப்புக்கொள்கிறவருக்கும், கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கிறவருக்கும் தடைக்காலத்தைக் குறைக்க விதியிலேயே இடம் இருக்கிறது. எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

50 விநாடியில் நின்றுபோனதற்கு மருந்து தேவையில்லை. பதினேழு வயதில் டைமிங் ஒரு வருஷம் நகராமல் கிடப்பது சகஜம். ப்ளஸ் டூ டியூஷன் முடித்து எத்தனை மணிக்குப் படுக்கிறான், விடியற்காலை எத்தனை மணிக்கு மைதானத்துக்குப் போகிறான் என்று கணக்கெடுங்கள். எட்டு மணி நேரத் தூக்கம் வராவிட்டால் எந்த ஓட்டமும் முன்னேறாது. ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவோடு ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம் பக்கம் ஏராளம், அதைச் சரிசெய்தாலே வித்தியாசம் தெரியும். உங்கள் கடையிலேயே கடலை, கொண்டைக்கடலை, முட்டை எல்லாம் இருக்கும். டப்பா பவுடர் வேண்டாம். லேபிளில் எழுதாத ஸ்டீராய்டு அதில் கலந்திருந்து மாட்டியவர்கள் உண்டு. போட்டிக்கு முந்தின நாள் “தெம்புக்கு” குளுக்கோஸ் ஏற்றுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அதுவும் கூடாது. ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு அல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவது தடை செய்யப்பட்ட முறை. சளி, இருமல் மருந்தில்கூடக் கவனம் வேண்டும். கிரிக்கெட்டர் பிருத்வி ஷா இருமல் சிரப்பில் இருந்த டெர்புட்டலின் என்ற தடை செய்யப்பட்ட மருந்தால் 2019ல் எட்டு மாதம் வெளியே உட்கார்ந்தார்.

இந்த வாரமே கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். காலி ஆம்பியூல் கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டரிடம் எதையும் மறைக்க வேண்டாம், நோயாளி சொல்வதை அவர் வெளியே சொல்லக்கூடாது. கல்லீரல், கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். பரிசோதனைகளும், ஒரு இ.சி.ஜி.யும், மணிக்கட்டு எக்ஸ்ரேயும் போதும். ஹார்மோன் பரிசோதனையை மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். போகும் முன் பையனிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: கோச் புது சிரிஞ்ச் பிரித்தாரா, இல்லை ஒரே சிரிஞ்சில் மற்ற பிள்ளைகளுக்கும் போட்டாரா? நன்றாக நினைவில்லை என்று சொன்னாலும், ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும். மூன்று மாதம் கழித்துப் போகும்போது அவற்றையும் மறுபடி பார்த்துவிடுங்கள்.